நியூஜெர்சியிலிருந்து சியாட்டிலுக்குக் கார்: காட்பாடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, ஜனவரியில் சியாட்டிலுக்கு மாற்றல், நியூஜெர்சியில் வாங்கிய காரை அங்கே அனுப்ப எந்தக் கம்பெனியை நம்பலாம் என்று கேட்டிருந்தீர்கள். இணையத்தில் ஒரே ஒரு இடத்தில் விலை கேட்டதற்கு, மறுநாளே வரிசையாகப் போன் வந்து ஆளுக்கொரு விலை சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் காட்பாடி, நான் ராணிப்பேட்டை. பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விவரமாகவே சொல்கிறேன்.

முதலில், நானே ஓட்டிக்கொண்டு போய்விடட்டுமா என்ற கேள்வி. வேண்டாம். ஏறத்தாழ 2,850 மைல். ஜனவரியில் மொன்டானா மலைப்பாதையிலும், சியாட்டிலுக்குச் சற்று முன்னால் வரும் ஸ்னோக்வால்மி கணவாயிலும் பனி கொட்டும். சில நாள் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டச் சொல்வார்கள், சில நாள் சாலையையே மூடிவிடுவார்கள். வேலூர் வெயிலில் வண்டி பழகிய நமக்கு, முதல் குளிர்காலத்திலேயே தனியாக அந்தச் சாலை வேண்டாம். ஊரில் அப்பா அம்மாவும் அத்தனை நாள் தூங்காமல் கிடப்பார்கள்.

சரி, ஏன் ஆளுக்கொரு விலை? உங்களுக்குப் போன் செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் ப்ரோக்கர்கள். அவர்களிடம் லாரி கிடையாது. ராணிப்பேட்டையில் என் மாமா வைத்திருந்த லாரி புக்கிங் ஆபீஸ் போலத்தான்: சரக்கு ஒருவருடையது, லாரி இன்னொருவருடையது, நடுவில் இருப்பவருக்குக் கமிஷன். இங்கே அந்த வேலை சென்ட்ரல் டிஸ்பாட்ச் என்ற இணையப் பலகையில் நடக்கிறது. ப்ரோக்கர் உங்கள் காரையும், லாரிக்காரருக்குத் தரப்போகும் தொகையையும் அதில் போடுவார். லாரிக்காரர் தன் பாதையில் எது கட்டுப்படியாகிறதோ அதை எடுத்துக்கொள்வார். கட்டுப்படியாகாத காரை யாரும் தொடமாட்டார்கள்.

மிகக் குறைந்த விலையில் இருக்கும் வில்லங்கம் இதுதான். முன்பு எங்கள் குடியிருப்பில் இருந்த குடியாத்தத்துக்காரர் ஒருவர், எல்லோரையும் விட மலிவாகச் சொன்ன ஒரு ப்ரோக்கரிடம் முன்பணம் கட்டினார். லாரி இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். வீட்டைக் காலி செய்யும் நாள் நெருங்கியதும், இன்னும் 500 டாலர் கொடுத்தால்தான் லாரி கிடைக்கும் என்றார்கள். அவருக்கு வேறு வழியில்லை, கொடுத்தார். நாலு பேர் சொல்லும் விலை அக்கம்பக்கமாக இருந்து, ஒருவர் மட்டும் நானூறு ஐந்நூறு டாலர் குறைத்துச் சொன்னால், அவரை முதலிலேயே கழித்துவிடுங்கள். லாரியும் அதன் பெயரும் உறுதியாவதற்கு முன்னால் பணம் கேட்பவரையும் தவிர்ப்பது நல்லது. லாரி உறுதியானதும் ப்ரோக்கருக்குச் சிறு தொகை, மீதியைக் கார் கையில் கிடைக்கும்போது டிரைவரிடம் கொடுப்பது இங்கே வழக்கம். அதை ரொக்கமாகவா, வங்கிக் காசோலையாகவா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ப்ரோக்கர் என்றாலே மோசம் என்று நினைக்கவேண்டாம். நல்ல ப்ரோக்கர் ஒழுங்கான லாரிக்காரரைப் பிடித்துக் கொடுப்பார். சட்டப்படி அவர் லைசென்ஸ் எடுத்து, 75,000 டாலருக்கு உத்தரவாதம் காட்டியிருக்கவேண்டும். ஆனால் உங்கள் காரைத் தூக்கிக்கொண்டு போகப்போவது அவர் இல்லை. அதனால் ப்ரோக்கர் கம்பெனிக்கு எத்தனை நட்சத்திரம் என்பதோடு நிற்காமல், லாரி முடிவானதும் லாரிக் கம்பெனியின் பெயரையும், மத்தியப் போக்குவரத்துத் துறை அதற்குக் கொடுத்திருக்கும் யு.எஸ்.டாட் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பின் சேஃபர் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, எத்தனை லாரி, கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை சோதனை, எத்தனை விபத்து என்று காட்டும். காசு கிடையாது, ஐந்து நிமிட வேலை. பெயரைத் தரத் தயங்கும் ப்ரோக்கர் நமக்கு வேண்டாம்.

இன்ஷூரன்ஸில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. லாரிக்காரர் கட்டாயமாக எடுக்கும் 750,000 டாலர் காப்பீடு, சாலையில் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கானது. லாரி மேல் நிற்கும் உங்கள் காருக்கு அது உதவாது. அதற்குத் தனியாகச் சரக்குக் காப்பீடு வேண்டும், அதை மத்திய சட்டம் இவர்களுக்குக் கட்டாயமாக்கவில்லை. சான்றிதழைக் கேளுங்கள். தொகை, தேதி, ஒரு காருக்கு எவ்வளவு வரை, எல்லாம் பாருங்கள்.

ஏற்றும்போது டிரைவர் காரைச் சுற்றிவந்து கீறல், நசுங்கல் எல்லாம் ஒரு தாளில் குறிப்பார். அதுதான் பில் ஆஃப் லேடிங். நீங்களும் காரைக் கழுவி, எல்லாப் பக்கமும், கூரையும், மைல் மீட்டரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். இறக்கும்போது இருட்டாக இருந்தாலும், டிரைவர் அவசரப்படுத்தினாலும், டார்ச் அடித்துப் பார்த்து, புதிய சேதம் இருந்தால் அதே தாளில் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போடவேண்டும். எழுதாமல் போட்டுவிட்டால் அப்புறம் நிரூபிப்பது கஷ்டம்.

திறந்த லாரியே போதும். மூடிய லாரி விலையுயர்ந்த கார்களுக்கு. தேதியை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். டிரைவர் ஒரு ஷிஃப்டில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது சட்டம். இந்தத் தூரத்துக்கு ஏழு முதல் பத்து நாள் எதிர்பார்க்கலாம், பனி பெய்தால் இன்னும் கூடும். லாரி வருவதற்குள் நீங்கள் கிளம்ப நேர்ந்தால், நம்பிக்கையான நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

காருக்குள் சாமான் எதுவும் அடைக்காதீர்கள், காப்பீடு அதற்குச் செல்லாது. பெட்ரோல் கால் டாங்க் போதும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும், சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் இசி பாஸ் கருவியைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் லாரி கடக்கும் சுங்கச்சாவடியில் உங்கள் கணக்கிலும் பணம் போகும். கார் கடனில் இருந்தால் வங்கிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குடியேறிய 30 நாளுக்குள் வாஷிங்டன் மாநிலத்தில் பதிவை மாற்றவேண்டும்.

லாரிக்காரரின் டாட் எண் கிடைத்ததும் எனக்கும் அனுப்புங்கள் தம்பி, நானும் ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன்.