மரபணுவில் பிழை என்றால் பயிற்சி வீணா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. ஒன்றரை வயது வரை சில வார்த்தைகள் பேசினாள், ஸ்பூனைப் பிடித்தாள். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. இப்போது எந்நேரமும் கைகளைப் பிசைகிறாள். ரெட் சிண்ட்ரோம், மெக்பி2 மரபணுவில் பிழை என்கிறார்கள். பிறவிக் கோளாறு என்றால் அதுவரை எப்படி நன்றாக இருந்தாள்? மரபணுவே சரியில்லாதபோது தெரபிக்கு அலைவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

குழந்தை பார்ப்பது, கேட்பது, தொடுவது, பயிற்சி செய்வது எல்லாமே நியூரான்களை, அதாவது மூளையின் நரம்பு செல்களை, தூண்டுகின்றன. அப்போது கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. அந்தச் செய்தி உட்கரு வரை போய், சில நிமிடங்களிலேயே சில மரபணுக்களை இயக்கிவிடுகிறது. தொடர்ந்து, நரம்பு இணைப்புகளை வலுவாக்கும் பிடிஎன்எஃப் போன்ற புரதங்கள் கூடுகின்றன. எந்த மரபணு எவ்வளவு இயங்கலாம் என்பதைக் கட்டுக்குள் வைப்பதில், மெக்பி2 மரபணு உருவாக்கும் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நியூரான்கள் முதிர முதிரத்தான் அதன் தேவை ஏறும். ஆகவேதான் முதல் வருடத்தில் குறை வெளியே தெரியவில்லை. தடுப்பூசியோ காய்ச்சலோ நீங்கள் செய்த எதுவுமோ இதற்குக் காரணமில்லை.

இந்த நோயில் நியூரான்கள் செத்துப்போவதில்லை. 2007-இல் ஸ்காட்லாந்தில் ஏட்ரியன் பேர்டு குழுவினர், நோய் முற்றிய எலிகளில் இந்த மரபணுவை மீண்டும் இயங்க வைத்தார்கள். அறிகுறிகள் பெருமளவு மறைந்தன. 2021-இல் ஹூஸ்டனில் ஹூடா ஸோக்பி குழுவினர், அறிகுறி தோன்றும் முன்பே எலிகளுக்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்தபோது பாதிப்பு தள்ளிப்போனது. ஆனால் பயிற்சி கொடுத்த திறனில் மட்டுமே அந்தப் பலன்.

எலியில் கண்டதை அப்படியே குழந்தைக்குப் பொருத்த முடியாது. உங்கள் மகளுக்கு அறிகுறிகள் வந்தும்விட்டன. எனவே பேச்சு முழுதாகத் திரும்பும் என்று நான் சொல்லமாட்டேன். இருக்கும் திறனைக் காப்பதுதான் இப்போது முக்கியம். ஸ்பூன் பிடிக்க வேண்டுமா, ஸ்பூனையே பிடிக்க வையுங்கள். நிற்க வேண்டுமா, தினமும் நிற்க வையுங்கள். இந்தக் குழந்தைகள் கண்ணால் நிறையப் பேசுவார்கள். இரண்டு படங்களைக் காட்டி, எது வேண்டும் என்று பார்வையால் தேர்ந்தெடுக்கப் பழக்குங்கள். பதில் வரத் தாமதமாகும், பொறுமையாகக் காத்திருங்கள்.

வலிப்பு வருகிறதா, முதுகெலும்பு வளைகிறதா என்று கவனியுங்கள். இசிஜி கட்டாயம் எடுக்க வேண்டும். சிலருக்கு இதயத் துடிப்பில் கோளாறு வரும். 2023-இல் அமெரிக்கா ட்ரோஃபினெடைட் என்ற மருந்தை அனுமதித்தது. அது நோயைக் குணமாக்காது, வயிற்றுப்போக்கும் அதிகம். உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் கருத்தரிக்கும் முன் மரபியல் ஆலோசனை பெற்றுவிடுங்கள்.