மாட்டிய வண்டியை எங்கே கட்டி இழுப்பது? கேள்வி பதில்

கேள்வி (தஞ்சாவூர்): கார் டூல் கிட்ல திருகி மாட்டுற இரும்பு வளையம் ஒண்ணு இருக்கு. சேத்துல சிக்கினா அதுல கயிறு கட்டலாமா சார்?

பதில்: ரோட்டில் நின்றுபோன காரை நேராக, மெதுவாக இழுத்துப்போகத்தான் அந்த வளையம். நாலு பேர் தள்ளினால் வந்துவிடும் என்ற அளவு சிக்கலுக்கு அது தாங்கும். அச்சு வரை புதைந்திருந்தால் வேண்டாம். பக்கவாட்டில் இழுத்தால் தண்டு வளைந்து மரையோடு பிய்ந்து வரும்.

பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி, வளையத்தைக் கடைசி மரை வரை திருகி, வீல் ஸ்பேனர் கம்பியை அதற்குள் விட்டு இறுக்குங்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் இடது மரை. வழக்கம்போல வலப்பக்கம் திருகிப் பார்த்துவிட்டு 'பிடிக்கவில்லை' என்று பாதியில் விடுவது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி (மதுரை): ஜீப்புக்கு அடியில சேஸிஸ் ரெண்டு பக்கமும் ஓட்டை போட்ட பட்டை இருக்கு. அதுதானே டோ ஹூக்?

பதில்: பெரும்பாலும் இல்லை. வண்டியை லாரியிலோ கப்பலிலோ ஏற்றிக் கட்டுவதற்கான பட்டை அது. மெல்லிய தகடு, கீழ்நோக்கிய நீள்வட்ட ஓட்டை, ஒற்றை போல்ட் அல்லது சின்ன வெல்டிங் என்று இருந்தால் தொடாதீர்கள். மீட்புக்கான கொக்கி தடித்த தகடாக இருக்கும். இரண்டு போல்டாவது சேஸிஸில் இறங்கியிருக்கும். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். சந்தேகம் இருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள்.

பம்பர், புல் கார்டு, டை ராட் (ஸ்டியரிங்கோடு சக்கரத்தைத் திருப்பும் கம்பி), சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை) எதிலும் கட்டாதீர்கள். அச்சில் கட்டுவது பழைய பழக்கம். இன்றைய வண்டிகளில் பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் அங்கேதான் ஓடுகின்றன, கயிறு இறுகும்போது முதலில் போவது அவைதான்.

கேள்வி (கோவை): பின்னாடி டிரெய்லர் மாட்டுற டோ பால் இருக்கே, அது போதாதா?

பதில்: கூடவே கூடாது. அந்த உருண்டை டிரெய்லரின் சீரான இழுப்புக்குச் செய்தது. வெட்டி இழுக்கும்போது கழுத்தில் முறிந்தால், கயிற்றின் நுனியில் இரும்புக் குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைத்து வரும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிரே போயிருக்கிறது. உருண்டையைத் தாங்கும் தண்டைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த சதுரக் குழாய்க்குள் ஷாக்கிள் (குறுக்கு ஊசி போட்டு மூடும் இரும்பு வளையம்) வைத்த மீட்புக் கட்டையைச் செருகி, குறுக்கே பின் (ஊசி) மாட்டுங்கள். இழுக்கும் பெல்ட்டின் காதை, அதாவது நுனி வளையத்தை, நேராகக் குழாய்க்குள் விட்டு அந்தப் பின்னில் மாட்டினால், பின் வளைந்து பெல்ட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கேள்வி (ராமநாதபுரம்): தனுஷ்கோடி மணல்ல போறதுக்கு பெல்ட் வாங்கணும். எத்தனை டன்? கயிறா பெல்டா?

பதில்: பெல்ட்டுக்கு முன் மண்வெட்டி வாங்குங்கள், டயர் காற்றை 15-18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். மணலில் பாதி வண்டிகள் அதிலேயே வெளியே வந்துவிடும். தார் ரோடு ஏறியதும் காற்றை மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.

தோராயக் கணக்கு இது: சக்கரம் புதைந்திருந்தால் வண்டி எடை அளவு இழுவிசை வேண்டும், மட்கார்டு வரை போயிருந்தால் இரண்டு மடங்கு. நாலு சக்கரத்துக்கு முன்னாலும், வயிற்றுக்கு அடியிலும் தோண்டினால் இந்தத் தொகை சரசரவென்று இறங்கும். கரிசலில் இது இன்னும் முக்கியம், ஈரக் களிமண் அடித்தட்டை உறிஞ்சிப் பிடிக்கும்; காற்று புக வழி விட வேண்டும்.

பெல்ட்டில் இரண்டு ஜாதி. பாலியெஸ்டர் டோ பெல்ட் நீளாது. மெதுவாக இறுக்கி இழுக்க மட்டும். நைலான் ஸ்நாட்ச் பெல்ட் 20 சதவீதம் வரை, கைனெட்டிக் கயிறு 30 சதவீதம் வரை நீண்டு சுருங்கும். ஓடிவந்து இழுக்க இவைதான். இரண்டு வண்டிகளில் லேசானதன் மொத்த எடைக்கு, அதாவது ஆள், சாமான் எல்லாம் சேர்த்து, 2 முதல் 3 மடங்கு உடையும் பலம் இருக்க வேண்டும். மூன்று டன் வரும் வண்டிக்கு 8 டன் பெல்ட் சரி. சின்ன ஜிம்னிக்கு 12 டன் பெல்ட் வாங்குவது வீண், அது நீளாது. அடி முழுக்க கொக்கியில் விழும். ஸ்டீல் ரோப்பும் சங்கிலியும் இதே காரணத்தால்தான் ஓடி இழுக்க ஆகாது. நைலான் நனைந்தால் பலம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

9 மீட்டர் பெல்ட்டில் 2 மீட்டர் தளர்வு விட்டு, 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் இழுங்கள். சிக்கிய வண்டியும் அதே நொடியில் லோ ரேஞ்சில் (ஃபோர் வீல் டிரைவின் மெதுவான, இழுவை அதிகமான கியர்) மெதுவாக உதவ வேண்டும். நீண்ட பெல்ட் கொக்கியை உடைத்துக்கொண்டு போனால் கவண் கல்தான், அதனால் பலவீனமான இடத்தில் மாட்ட நினைத்தால் பெல்ட்டையே எடுக்காதீர்கள்.

கேள்வி (சேலம்): ஹார்ட்வேர் கடை ஷாக்கிள் ஓகேவா?

பதில்: ஷாக்கிளின் உடம்பில் அது தாங்கும் சுமை டன் கணக்கில் பொறித்திருந்தால் மட்டும். 19 மில்லிமீட்டர் வில் ஷாக்கிள் 4.75 டன் வரும், அதை எடுங்கள். பின்னைக் கையால் முழுக்க இறுக்கி, கால் சுற்று தளர்த்துங்கள். இல்லாவிட்டால் இழுத்தபின் திறக்காது. கயிற்றால் ஆன சாஃப்ட் ஷாக்கிள் இன்னும் நல்லது, கூர்விளிம்பில் மட்டும் மாட்டாதீர்கள்.

கேள்வி (கும்பகோணம்): ஊர்ல டிராக்டர்தாண்ணே இழுக்குது. அதுல கவனிக்க என்ன இருக்கு?

பதில்: நிறைய. கயிற்றை டிராபாரில் (டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி), பின் அச்சுக்குக் கீழே, கட்டுங்கள். அதற்கு மேலே இருக்கும் டாப் லிங்க் பிராக்கெட்டில் கட்டினால், சிக்கிய வண்டி அசையாத நிலையில் டிராக்டரின் பின்சக்கரம் ஊன்றிக்கொண்டு முன்பக்கம் தூக்கும். கிளட்ச் மிதிப்பதற்குள் ஓட்டுநர் மேல் கவிழ்ந்துவிடும். லோ கியரில் கயிறு இறுகும்வரை ஊர்ந்து, அதன்பிறகே ஆக்ஸிலேட்டர். இரண்டு கொக்கியில் 'வி' போல பிரித்துக் கட்டினால் சுமை பகிரும், ஆனால் கோணம் 60 டிகிரிக்குள் இருக்கட்டும். 120 ஆகிவிட்டால் ஒவ்வொரு கொக்கிக்கும் முழுச் சுமையே வரும். நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைக் கயிற்றின்மேல் போடுங்கள். வேடிக்கை பார்க்கிறவர்களைக் கயிற்று நீளத்தின் ஒன்றரை மடங்காவது பக்கவாட்டில் விரட்டுங்கள். இதுதான் ஊரில் சிரமமான வேலை.

கேள்வி (திருநெல்வேலி): ஒரு பெல்ட் எட்டலைன்னா ரெண்டை ஷாக்கிள் போட்டு சேர்க்கலாமா?

பதில்: நடுவில் இரும்பு வேண்டாம், ஒரு பெல்ட் அறுந்தால் அது பறக்கும். ஒரு காதுக்குள் இன்னொன்றை நுழைத்துப் பின்னி, நடுவில் சுருட்டிய பத்திரிகை ஒன்றைச் செருகுங்கள். இழுத்தபின் கழற்ற வரும்.

கேள்வி (சென்னை): எலக்ட்ரிக் கார் வெள்ளத்துல சிக்கினா?

பதில்: தண்ணீர் அடித்தட்டைத் தொட்டிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நியூட்ரலில் சில மீட்டர் கரையேற்ற மட்டும் இழுங்கள். அதற்குமேல், மோட்டார் சுழற்றும் சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டர்போல மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிக் கெடலாம். மேலே ஏற்றிக் கொண்டுபோகும் ஃப்ளாட்பெட் வண்டிதான் வழி.