எனக்கு ஒரு காபி பரிசளியுங்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

ஆறு மாதமாக ஒரு செயலியில் ஸ்பானிஷ் படிக்கிறேன். எங்கள் கம்பெனிக்கு மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் என்று இந்த மொழி நிற்கவே மாட்டேன் என்கிறது. மெக்சிகோக்காரர் 'அஓரித்தா' அனுப்புகிறேன் என்றார். 'இப்பவே' என்று படித்திருந்தேன். மூன்று நாள் ஆயிற்று. 'கொஹேர்' என்றால் எடுப்பது என்று செயலி சொன்னது. மீட்டிங்கில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். கொலம்பியாக்காரர் 'ஒரு நிமிடம் பரிசளியுங்கள்' என்கிறார். கியூபாவில் பஸ்ஸுக்குச் சொல்லும் 'குவாகுவா' சிலியில் வேறு ஏதோவாம். இந்தக் கொச்சையை எல்லாம் ஒதுக்கிவிட்டு சுத்தமாகப் படிக்க ஸ்பெயின் ஸ்பானிஷ்தானே நல்லது? முக்கியமான வார்த்தைகளுக்கு நாடுவாரியாக ஒரு பட்டியல் போட்டுத் தருவீர்களா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

மெக்சிகோவின் 'அஓரித்தா'வுக்கு இப்போது, கொஞ்சம் கழித்து, என்றைக்குமே இல்லை என்ற மூன்றும் பொருந்தும். அடுத்த முறை எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'கொஹேர்' ஸ்பெயினில் பஸ் பிடிக்க உதவும். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது படுக்கையறைச் சமாச்சாரம். 'தொமார்' என்று சொல்லிப் பிழைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலா? கொலம்பியத் தலைநகர் போகோத்தாவில் ரூஃபினோ ஹொசே குவெர்வோ என்று ஒருவர் இருந்தார். அண்ணனோடு சேர்ந்து பீர் தொழிற்சாலை நடத்தி, அந்தக் காசில் பாரிஸுக்குப் போய் உட்கார்ந்து, ஸ்பானிஷ் வார்த்தைகள் வாக்கியத்தில் எப்படி எப்படி நடந்துகொள்கின்றன என்று அகராதி எழுதினார். முதல் தொகுதி 1886இல் வந்தது. 1911இல் அவர் இறந்தபோது இரண்டு தொகுதிகள் வெளிவந்திருந்தன. 'டி' எழுத்து வரைக்கும். மிச்சத்தை அவர் பெயரும் தாங்கிய கல்விக்கழகம் ஒன்று 1994இல்தான் முடித்தது. நீங்கள் என்னிடம் மின்னஞ்சலில் கேட்கிறீர்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த 'பரிசளியுங்கள்' என்ற வார்த்தைக்காகத்தான். அதைப் படித்ததும் ஒரு பேக்கரி ஞாபகம் வந்தது.

2004இல் வேலைக்காகப் போகோத்தா போனேன். 2,600 மீட்டர் உயரம், எப்போதும் குளிர். போய் நான்காவது நாள் காலை ஏழு மணிக்கு ஒரு ரொட்டிக் கடையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் எழுபது வயது இருக்கும் ஓர் அம்மாள். கம்பளிக் கோட்டு, காதில் முத்து. கடைப் பெண்ணிடம் 'மெ ரெகாலா உன் தீந்தோ' என்றார். சென்னையில் பாடப்புத்தகம் படித்துவிட்டுப் போன எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்திருந்தது. 'ரெகலார்' என்றால் பரிசாகக் கொடுப்பது. 'தீந்தோ' என்றால் சிவப்பு ஒயின். ஐயோ, நல்ல குடும்பத்து மனுஷி, காலங்கார்த்தாலே ஓசியில் ஒயின் கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டாரே என்று மனசு இளகி, இரண்டாயிரம் பெசோ தாள் ஒன்றை எடுத்து, 'இவருக்கு நான் கொடுத்துவிடுகிறேன்' என்று மேசையில் வைத்தேன்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'கே பெனா கோன் உஸ்தேத்' என்றார். 'பெனா' என்றால் துக்கம் என்பதும் எனக்குத் தெரியும்! துக்கத்தைச் சொல்லி அழப்போகிறார் என்று நினைத்து, 'கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்று ஆறுதல் சொன்னேன். கடைப் பெண் சிரிப்பை அடக்க உள்ளே ஓடிவிட்டாள்.

கொலம்பியாவில் தீந்தோ என்றால் கறுப்புக் காபி. 'கே பெனா' என்றால் மன்னிக்கணும், சங்கடமாக இருக்கிறது என்று பொருள். 'எனக்குப் பரிசளிக்கிறீர்களா' என்றால் கொடுங்கள் என்று அர்த்தம். காசு கொடுத்துத்தான் வாங்குவார்கள். அங்கே வங்கியில் கையெழுத்தைப் பரிசாகக் கேட்பார்கள், தெருவில் மணி எத்தனை என்பதைப் பரிசாகக் கேட்பார்கள். மாத்ரித்காரர் கடைக்குள் வந்து 'காபி போடு' என்று ஏவலில் சொல்வார். அவர் ஊரில் அதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. அதையே போகோத்தாவில் சொன்னால் கடைக்காரர் முகம் சுருங்கும். 'கொடு என்று திருடன்தான் கேட்பான்' என்றார் அந்த அம்மாள் பிற்பாடு.

இதையா கொச்சை என்கிறீர்கள்? கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். ஈ, தா, கொடு மூன்றையும் யார் யாரிடம் கேட்பது என்று பிரித்துவைத்த தொல்காப்பியச் சூத்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, கொலம்பியாக்காரன் கேட்கும் விதம் கொச்சை என்று எழுதக் கை வந்ததே உங்களுக்கு!

சுத்தம் வேண்டுமாம். 1713இல் தொடங்கிய ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் முழக்கம் 'சுத்தம் செய்யும், நிலைநிறுத்தும், பளபளப்பூட்டும்'. தரை துடைக்கும் திரவத்துக்கு விளம்பரம் எழுதிய மாதிரி இருக்கிறது. (அவர்களே இன்று பளபளப்பை விட்டுவிட்டு அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷ் நாடுகளின் கழகங்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள், நீங்கள் விடமாட்டேன் என்கிறீர்கள்.) ஸ்பெயினில் ஐந்து கோடிக்கும் குறைவான ஜனங்கள். மெக்சிகோவில் மட்டும் 12 கோடிக்கு மேல். யாருடையது மூலம், யாருடையது கொச்சை?

இன்னொன்று. நீங்கள் கொச்சை என்று தள்ளுவதில் பாதி பழைய சரக்கு. உங்கள் செயலி 'நீங்கள்' என்பதற்கு உஸ்தேத் சொல்லித் தந்திருக்கும். அது 'வுவெஸ்த்ரா மெர்செத்', தங்கள் கருணை, என்ற பழைய மரியாதைச் சொல் தேய்ந்து தேய்ந்து ஆனது. போகோத்தாவைச் சுற்றியுள்ள மலைப்பகுதியில், முக்கியமாகப் பொயாக்காவில், அதன் சகோதரி 'சு மெர்செத்' 'சுமெர்சே' என்று இன்னும் புழங்குகிறது. தாய் பிள்ளையை அப்படிக் கூப்பிடுவாள், மனைவி கணவனை, காய்கறிக்காரி யாரை வேண்டுமானாலும். அர்ஜென்டினாவின் 'வோஸ்'ஸும் அப்படித்தான்; ஒரு காலத்தில் ஸ்பெயினில் பெரியவர்களுக்குச் சொன்ன சொல், அங்கே மதிப்பிழந்து மறைந்தது, புவெனோஸ் ஐரேஸில் நண்பனுக்கு நண்பன் சொல்லும் சொல்லாக ஓகோவென்று இருக்கிறது. சுத்தமான ஊரில் தொலைந்துபோனதை கொச்சையான ஊர் பத்திரமாக வைத்திருக்கிறது.

அந்த அம்மாள் பொயாக்காக்காரர். இரண்டாயிரம் பெசோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு தீந்தோ வாங்கித் தந்தார். பக்கத்துத் தெருவில்தான் வீடு. ஒரு மாதம் 'உஸ்தேத்' என்றார். ஒருநாள் மழையில் குடையில்லாமல் போய் நின்றபோது, 'சுமெர்சேவுக்குப் புத்தி இருக்கிறதா, நிமோனியா வந்து சாகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்' என்று திட்டினார். அன்றைக்குத்தான் அந்த ஊரில் எனக்கு ஓர் ஆள் இருக்கிறார் என்று தோன்றியது. தங்கள் கருணைக்குப் புத்தி இருக்கிறதா! எந்த அகராதியில் போட்டு இதை எப்படி விளக்குவது?

இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பும்போது, 'போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பரிசளியுங்கள்' என்றார். நான் நான்கு நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன். வாங்கிய வசவு முழுக்க சுமெர்சே.

சரி, எந்த ஸ்பானிஷ் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மீட்டிங்கில் இருக்கும் அந்தக் கொலம்பியாக்காரர் பேசுவதைப் படியுங்கள். அவருக்கு அந்த ஒரு நிமிடத்தைப் பரிசளியுங்கள், முறைத்துப் பார்க்காமல்.

அப்புறம் அந்தக் குவாகுவா. கியூபாவிலும் கானரித் தீவுகளிலும் பஸ்தான். சிலியில் அது ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல், கைக்குழந்தை. சாந்தியாகோவில் ஆபீசுக்குத் தாமதமானால், குவாகுவாவைத் தவறவிட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போலீஸைக் கூப்பிடுவார்கள்.