பதில்: நைட் ஷிஃப்ட்ல வெயிட் ஏறுது, பகல்ல 4 மணி நேரத்துல முழிப்பு வந்துடுது

ராத்திரி 2 மணிக்கு சாப்பிடுறேன்னு சொன்னீங்கல்ல, அந்த ஃபுல் சாப்பாட்ட முதல்ல நிறுத்துங்க, ஜிம் எல்லாம் அப்புறம். கிளம்புறதுக்கு முன்னாடியே வயிறு நிறைய சாப்பிட்டுடுங்க, நடுவுல பசிச்சா முட்டை, பழம் மாதிரி சின்னதா ஏதாவது போதும், ஏன்னா அதே சாப்பாட்டுக்கு பகல்ல விட ராத்திரில ரத்தத்துல சுகர் அதிகமா ஏறும்.

முழிப்பு வர்றதுக்கு எனக்கு சந்தேகம் நீங்க சொன்ன அந்த விடிகாலை 4 மணி காபி மேலதான். காபில இருக்குற கஃபீன் உடம்புல பாதியா குறையவே சுமாரா 5 மணி நேரம் ஆகும், நீங்க படுக்குறதே காலைல 8 மணிக்கு! தூக்கம் குறைஞ்சா பசியும் கூடும், ரெண்டும் தனித்தனி பிரச்சனை இல்ல.

செக் பண்ண:
1. ஒரு வாரம் ராத்திரி 1 மணிக்கு மேல காபி, டீ, கோலா எதுவும் வேணாம்.
2. ரூம நல்லா இருட்டாக்குங்க, போன் வேற ரூம்ல (இதத்தான் யாரும் கேக்க மாட்டாங்க).

அப்பவும் முழிப்பு வந்தா, இல்ல பலமா குறட்டை விடுறீங்கன்னு வீட்ல சொன்னா, ஸ்லீப் ஆப்னியாவான்னு (தூக்கத்துல மூச்சு அப்பப்ப நின்னு போறது) டாக்டர்கிட்ட கேளுங்க. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவரா இருந்தா சாப்பாட்டு நேரத்த நீங்களா மாத்தாதீங்க, சுகர் ரொம்ப இறங்கிடலாம்.