ரிசர்வ் வங்கி வட்டியைத் தானாக முடிவு செய்கிறதா, டெல்லி சொல்வதைக் கேட்கிறதா?

சட்டப்படி முடிவு ரிசர்வ் வங்கியின் கையில்தான். 2016-ல் அமைத்த பணக் கொள்கைக் குழுவில் ஆறு பேர், அதில் மூன்று பேர் வங்கித் தரப்பு, மூன்று பேர் மத்திய அரசு நியமிப்பவர்கள், ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் கவர்னரின் ஓட்டுதான் தீர்ப்பு. அந்தக் கவர்னரையும் நியமிப்பது அரசுதானே! அப்புறம் போன் போட்டு மிரட்ட வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது?

கவனித்துப் பாருங்கள், எந்தக் கட்சி ஆண்டாலும் நெருக்கடி ஒரே பக்கமாகத்தான் வரும்: வட்டியைக் குறை. ஏற்று என்று கேட்ட நிதியமைச்சர் யாரும் என் நினைவில் இல்லை. 2012 அக்டோபரில் அன்றைய கவர்னர் சுப்பாராவ் ரெப்போவை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை, குறைக்காமல் 8 சதவீதத்திலேயே வைத்தபோது, வளர்ச்சிக்காக அரசு தனியாக நடக்க வேண்டுமென்றால் நடப்போம் என்று அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் வெளிப்படையாகவே சொன்னார்.

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. கோத்தகிரி பக்கம் கொஞ்சம் தேயிலையும் ஒரு வீட்டுக் கடனும் எனக்கு உண்டு. 2022 மே மாதத்திலிருந்து பத்தே மாதத்தில் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியபோது, மாதத் தவணை மாறவில்லை, கடன் முடியும் வருடம் மட்டும் தள்ளிப்போய்விட்டது என்று வங்கியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்தது, அவ்வளவுதான். என்னைப் போன்றவர்கள் கத்துவோம். டெபாசிட் வட்டியில் மருந்து வாங்கும் எங்கள் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் கத்த மாட்டார்.

2024 நவம்பரில் மத்திய வர்த்தக அமைச்சராக இருந்த பியூஷ் கோயல் வட்டியைக் குறைக்கச் சொன்னார், உணவு விலையை வைத்து வட்டியை முடிவு செய்வதே தவறு என்றும் வாதிட்டார். பாதி நியாயம் அதில் இருக்கிறது. கேத்தி பாலாடாவில் மழையில் கேரட் அழுகி மேட்டுப்பாளையம் மண்டியில் விலை ஏறினால் ரெப்போ என்ன செய்யும்? ஆனால் பணவீக்கத்தை அளக்கும் அப்போதைய சில்லறை விலைக் குறியீட்டில் உணவின் பங்கு ஏறக்குறைய 46 சதவீதம். அதைத் தூக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் எங்கள் தோட்டத்தில் இலை பறிக்க வருகிற அக்காக்களின் செலவில் பெரும்பகுதி கணக்கிலேயே வராது.

டிசம்பரில் வட்டியைக் குறைக்கவில்லை. அதே மாதம் கவர்னர் சக்திகாந்த தாஸின் பதவிக்காலம் முடிந்தது, வருவாய்த் துறைச் செயலாளராக இருந்த சஞ்சய் மல்ஹோத்ரா வந்தார், 2025 பிப்ரவரியில் கால் சதவீதம் குறைந்தது. நெருக்கடியால்தானா என்றால், அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன், பணவீக்கமும் அதற்குள் இறங்கியிருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டு 6 சதவீதத்தைத் தாண்டினால், ஏன் தாண்டியது என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு விளக்கம் எழுத வேண்டும். 2022-ல் அப்படி எழுதினார்கள். அந்தக் கடிதத்தை வெளியிடவே இல்லை. அரிசி பருப்பு விலையில் அடிபட்டது நாம், விளக்கம் மட்டும் அரசுக்கு!