அலமாரிக்கு முன்னால் நிற்க இடம் இருக்கிறதா?

போன மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படுக்கையறை அலமாரி பற்றியவை. அதனால் இந்த முறை அதற்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பெரம்பூரில் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம் அக்கா. சின்ன படுக்கையறை 10க்கு 9 அடி. 10 அடிச் சுவரின் ஒரு மூலையில் கதவு. அது உள்பக்கமாகத் திறந்து பக்கத்து 9 அடிச் சுவரில் சாய்கிறது. அந்த 9 அடிச் சுவருக்கு எதிர்ச் சுவரில் ஜன்னல். கதவு சாயும் சுவரில்தான் அலமாரி அடிக்க முடியும். மேலே ஏழடி உயரத்தில் கான்கிரீட் லாஃப்ட் ஏற்கெனவே இருக்கிறது. நான், கணவர், ஐந்து வயது மகள், மூன்று பேர் துணியும் அதில் அடங்க வேண்டும். ஐந்தடி அகலக் கட்டில் இருக்கிறது. இடம் போதாது, ஸ்லைடிங் கதவுதான் வைக்க வேண்டும் என்கிறார் ஆசாரி. சரியா?
— ஒரு வாசகி, பெரம்பூர்

ஸ்லைடிங் வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன், நீங்களும் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

அலமாரிக்கு ஆழம் இரண்டடி. ஹேங்கரில் மாட்டிய சட்டை குறுக்கே ஒன்றே முக்கால் அடி வரை வரும். கதவில் உரசாமல் இருக்க இரண்டடி தேவை. இன்னொரு காரணம் பிளைவுட்டின் அளவு. பலகை 8க்கு 4 அடியில் வருகிறது. நீளவாக்கில் நடுவே அறுத்தால் இரண்டடித் துண்டு இரண்டு, வீணே இல்லை. அதைவிட ஆழம் கூட்டினால் ஒவ்வொரு பலகையிலும் ஒரு பட்டை மிச்சமாகிக் கழிவில் போகும். ஸ்லைடிங் கதவென்றால் இரண்டு கதவும் ஒன்றன் முன் ஒன்று ஓட வேண்டும், டிராக்குக்கே நாலு அங்குலம் போகும். அப்புறம், எந்த நேரத்திலும் பாதி அலமாரிதான் திறக்கும். காலையில் பள்ளிக்கும் ஆபீசுக்கும் ஒரே நேரத்தில் கிளம்புகிற வீட்டில் அது பெரிய தொல்லை.

இப்போது அறையைப் பார்ப்போம். 10 அடியில் அலமாரிக்கு 2 போனால் மீதி 8. கட்டிலின் தலைப்பக்கத்தைக் கதவுக்கு எதிரே இருக்கிற 10 அடிச் சுவரில் வைத்து, பக்கவாட்டில் ஜன்னல் பக்கம் அரை அடி விட்டுத் தள்ளுங்கள். கட்டில் 5 அடி, இடைவெளி அரை அடி போக, அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் இரண்டரை அடி கிடைக்கும். ஒன்றரை அடி அகலக் கதவு அங்கே தாராளமாகத் திறக்கும். மகள் ஜன்னல் பக்கம் படுத்துக்கொள்ளட்டும். இரவில் எழுந்து போகிறவர் இந்தப் பக்கம். கட்டிலின் இரண்டு பக்கமும் இறங்க வழி வேண்டும் என்று நினைத்தால் மட்டுமே ஆசாரி சொல்வது சரி. அப்போது பக்கத்துக்கு ஒன்றரை அடிதான் மிஞ்சும், கதவைத் திறந்துவிட்டு நிற்க இடமிருக்காது.

வேலை தொடங்கும் முன் தரையில் சாக்பீஸால் அலமாரியின் கோட்டைப் போடுங்கள். கட்டிலை இடத்தில் போட்டு, கதவு திறக்கிற அளவுக்கு வளைவும் வரைந்து, ஒரு நாள் அந்தக் கோட்டுக்கு வெளியிலேயே நடமாடுங்கள். கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கிற கலர் படத்தைவிட இதில்தான் உண்மை தெரியும்.

9 அடிச் சுவர் முழுக்க அலமாரி வராது. அறைக் கதவு திறந்து சாய மூன்றடி விட்டாக வேண்டும். மீதி 6 அடி, நாலு கதவு, உள்ளே மூன்றடியாக இரண்டு அறை. லாஃப்ட் மட்டும் 9 அடிக்கும் இருக்கிறது, அதற்கு முழுக்கக் கதவு போடலாம்.

உள்ளே என்ன வரும் என்பதை ஆசாரி முடிவு செய்ய விடாதீர்கள். பட்டறையில் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் அடிப்பார்கள்: ஒரு பக்கம் கம்பி, ஒரு பக்கம் தட்டு, நடுவில் லாக்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்டுங்கள். தொங்குவது, மடிப்பது, வருஷத்துக்கு இரண்டு முறை எடுப்பது என்று மூன்று குவியல் போடுங்கள். உங்கள் புடவையை எப்படி மடிக்கிறீர்களோ அப்படியே மடித்து, நீள அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். அயர்ன்காரர் மடிப்பது ஒரு அளவு, நாம் மடிப்பது வேறு. பட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு இன்னும் பெரிது. தட்டின் அகலத்தில் இரண்டு அடுக்கு வருமா மூன்றா என்பது அந்த ஒரு அளவில் இருக்கிறது.

உங்கள் கணக்குக்கு நான் போடுவது இது. வலது அறையில் தரையிலிருந்து 5 அடி 9 அங்குலத்தில் கம்பி. உங்கள் கை எட்ட வேண்டும், அதனால் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். கம்பிக்குக் கீழே 52 அங்குலம் விட்டால் சட்டையும் சுடிதாரும் மடங்காமல் தொங்கும். அதன் அடியில் ஒரு ஆழமான டிராயர்; அது மகளுக்கு, அவளே திறந்து எடுப்பாள். கம்பிக்கு மேலே ஒரு தட்டு. இடது அறை முழுக்கத் தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு அடி. அதற்கு மேல் இடைவெளி விட்டால் புடவை அடுக்கு உயர்ந்து, கீழே இருப்பதை இழுக்கும்போது எல்லாம் சரியும். இரண்டடி ஆழத்தில் பின்வரிசை கண்ணில் படாது. அங்கே பட்டையும் கல்யாணத்துக்குக் கட்டுவதையும் துணிப் பையில் போட்டு வையுங்கள். தினசரிப் புடவை முன்வரிசை. இடுப்பு உயரத்தில் இருக்கும் இரண்டு தட்டுகளை மட்டும் சேனல் போட்டு வெளியே இழுக்கிற மாதிரி அடித்துக்கொண்டால், குனிந்து துழாவுகிற வேலை நிற்கும். செலவைக் குறைக்க வேண்டுமானால் கதவுக்குப் பளபளக்கிற மைக்காவைக் குறையுங்கள், இந்த சேனலைக் குறைக்காதீர்கள்.

மரம் பற்றி. அலமாரி உடம்புக்கு 18 எம்.எம். பிளை நாலு பலகை, பின்பக்கத்துக்கு 6 எம்.எம். இரண்டு, டிராயர் பெட்டிக்கு 12 எம்.எம். ஒன்று. கதவுக்கு பிளாக் போர்டு (நடுவில் மரக்கட்டைகளை அடுக்கி ஒட்டிய பலகை) இரண்டு. ஏழடி உயரக் கதவை பிளையில் அடித்தால் வளையும். பிளாக் போர்டு எடை குறைவு, நேராக நிற்கும். கதவின் வெளியே மைக்கா ஒட்டினால் உள்ளேயும் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு மழைக்காலத்தில் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். உயரமான கதவுக்கு நாலு கீல்.

ரேட்டை சதுர அடிக்குச் சொல்வார்கள், அளப்பது முன்பக்கத்தை மட்டும். உங்களுடையது 6க்கு 7, 42 சதுர அடி. லாஃப்ட் கதவு அதில் சேர்த்தியா, கீல், சேனல், கைப்பிடி, உள்பக்க மைக்கா யார் கணக்கு என்று எழுதி வாங்குங்கள். சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் ஒரு நடை போய் பிளை, மைக்கா விலை விசாரித்துவிட்டு வந்து பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: திருவல்லிக்கேணியில் பழைய வீடு. படுக்கையறைச் சுவரில் கடப்பாக் கல் வைத்த திறந்த அலமாரி இருக்கிறது, ஆழம் ஒன்றேகால் அடி. இடித்துவிட்டுப் புதிதாகச் செய்யலாம் என்கிறார்கள்.
— ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

தயவுசெய்து இடிக்காதீர்கள். சென்னை வீடுகளில் நமக்கு முன்னோர் விட்டுப்போன நல்ல விஷயங்களில் கடப்பாக் கல் தட்டும் ஒன்று. கரையான் தொடாது, ஈரத்தில் ஊறாது, கனத்துக்கு வளையாது. கல் சுவருக்குள் செருகியிருக்கும். உடைத்து எடுத்தால் பூச்சு முழுக்கப் பெயர்ந்து வரும், அது நாலரை அங்குலச் சுவராக இருந்தால் பக்கத்து அறையிலும் விரிசல் விழும்.

முன்னால் பிளையில் ஒரு சட்டம் அடித்து, அதில் கீல் போட்டுக் கதவு மாட்டினால் போதும். ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள், புடவை இழை மாட்டும். உள்சுவருக்கு வெள்ளை பெயின்ட், கல்மேல் மைக்கா துண்டோ பருத்தி விரிப்போ. ஒன்றேகால் அடியில் ஹேங்கர் குறுக்காக நிற்காது. ஒரே ஒரு பகுதியில் மட்டும் நடுக் கல் ஒன்றை எடுத்து, முன்னால் இழுக்கிற குட்டைக் கம்பி மாட்டுங்கள். சட்டைகள் நம்மைப் பார்த்து வரிசையாக நிற்கும். மடிக்கிற துணிக்கு இந்த ஆழம்தான் சரியான ஆழம். இரண்டடி அலமாரியில் பின்வரிசை மறந்துபோகிற பிரச்சினை உங்களுக்குக் கிடையாது.

கேள்வி: அலமாரி அடித்து மூன்று வருஷம்தான் ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் உள்ளே பூஞ்சை வாசனை. பட்டுப்புடவையில் வெள்ளைப் புள்ளி. பின்னால் இருப்பது பாத்ரூம் சுவர். பாச்சா உருண்டை போட்டும் பலனில்லை.
— ஒரு வாசகி, அடையாறு

பாச்சா உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு இல்லை. ஜரிகையில் பட்டால் கறுத்தும் போகும். முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

உங்கள் பகுதியிலேயே ஒரு வீட்டில் இதே புகாருக்காகப் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். உள்பக்கம் மைக்கா புதிதாக மின்னியது. சுவர்ப்பக்கம் எதுவுமே ஒட்டாத வெறும் பிளை. விரலால் அழுத்தியதும் ஊறின அப்பளமாக உள்ளே போனது, அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் போய், குளிக்கிற தண்ணீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டிலும் அலமாரியைக் குறை சொல்லும் முன் சுவரைச் சோதியுங்கள்.

அலமாரிக்குப் பக்கத்தில் தெரிகிற அதே சுவரில், ஒரு அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுக் காற்று புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது: பிளம்பரைக் கூப்பிட்டு பாத்ரூமைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஆசாரி. வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் அது அறைக் காற்றின் ஈரம். அதற்குக் கதவின் மேலும் கீழும் காற்று போக வழி, வெயில் அடிக்கிற நாளில் கதவைத் திறந்துவைப்பது, இவ்வளவே போதும். அயர்ன் செய்த சூட்டோடு துணியை உள்ளே வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பின்பலகையை மாற்றும்போது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்குகிற மரைன் பிளை வாங்குங்கள். கடலோர ஊரில் பின்பக்கத்துக்கும் அடிப்பலகைக்கும் அதற்குக் குறைந்ததை நான் போடுவதில்லை. ஒவ்வொரு பலகையிலும் முத்திரை இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். சுவர்ப்பக்கமும் ஏதாவது பூச்சு வேண்டும், சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது காற்று வேண்டும்.

பட்டுக்கு: பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, துவைத்த பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் முறியும். வாசனைக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம், புடவைமேல் படாமல்.

கேள்வி: மேடவாக்கத்தில் வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் "நீங்களே அலமாரி அடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அடிக்கலாமா?
— ஒரு வாசகர், மேடவாக்கம்

வேண்டாம். சுவருக்கு அளந்து அடித்தது அடுத்த வீட்டில் பொருந்தாது, கழற்றும்போது பாதி வீணாகும். இரும்பு பீரோ ஒன்று வாங்குங்கள். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஆழமும் ஒன்றரை அடிக்குச் சற்று மேல்தான். எந்த வீட்டுக்கும் கூடவே வரும். லாஃப்டுக்கு ஒரு திரை போட்டால் போதும். அவர் வாடகையில் கழித்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

கேள்வி: முடிச்சூரில் தரைத்தளம். 2015 வெள்ளத்தில் அலமாரி போனது. திரும்ப அடிக்க மனசு வரவில்லை, ஆனால் துணி வைக்க இடமில்லை.
— ஒரு வாசகி, முடிச்சூர்

உங்கள் தயக்கம் நியாயமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ தரைத்தள வீடுகளின் அலமாரிகளைத் தண்ணீர் தின்றது. ஆனாலும் அடிக்கலாம், தரையில் உட்காராத மாதிரி.

கீழே இரண்டடி உயரத்துக்குச் செங்கல் கட்டி, மேலே கிரானைட் போட்டு, அதன்மேல் மர அலமாரியைத் தொடங்குங்கள். செங்கல் கட்டுக்கு நடுவே வருகிற இடத்துக்குக் கதவு வேண்டாம். அங்கே பிளாஸ்டிக் கூடையில் செருப்பு, பக்கெட் மாதிரி நனைந்தால் கழுவிக்கொள்கிற சாமான் மட்டும். பிளக் பாயின்ட் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதையும் மேலே ஏற்றிவிடுங்கள். முன்பு தண்ணீர் நின்ற கறை சுவரில் இரண்டடிக்கு மேல் இருந்தால், கட்டையும் அதற்கு மேல் ஏற்றுங்கள். மேல்தட்டில் ஒன்று குறையும், பரவாயில்லை. பத்திரம், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் ஜிப் உறையில் போட்டு, லாஃப்டில் கை எட்டுகிற முன்வரிசையில் வையுங்கள். ஏணியைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருங்கள். தரைத்தளம் என்பதால் மரம் நிறுத்தும் முன் சுவரடியில் கரையான் மருந்தும் அடித்துவிடச் சொல்லுங்கள்; அலமாரி நின்ற பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது.