மோட்டார் ரூமுக்கு அவளைக் கூப்பிடாதீர்கள்

கேள்வி: நான் திருமங்கலத்தில் வாக்கப்பட்டவள். என் ஒரே தம்பி சோழவந்தான் பக்கம் எங்கள் பிறந்த ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறான். போன கார்த்திகையில் அவனுடைய ஆறு வயது மகள் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். அன்று தம்பி மனைவி மதுரையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பிள்ளை தம்பியோடு தோட்டத்துக்குப் போயிருந்தது. துக்க வீட்டிலேயே எங்கள் அம்மா, "பெத்தவ வீட்ல இருந்திருந்தா பிள்ளை போயிருக்குமா" என்று கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் எங்களில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆடி மாதத்தில், கடையில் வேலை பார்க்கும் ஒருவரோடு அவளுக்குப் பழக்கம் இருப்பது தெரிந்தது. கேட்டதும் ஒப்புக்கொண்டு வாடிப்பட்டியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி குடிப்பதும் இரவெல்லாம் அவளுக்குப் போன் போடுவதுமாக இருந்தான். ஒரு தடவை கழுத்தைப் பிடித்ததைத் தவிர அவள்மேல் கை வைத்தவன் இல்லை. கடவுள் புண்ணியத்தில் ஒரு மாதமாகக் குடியை விட்டு அமைதியாகிவிட்டான். சீட்டுப் பணம் முழுவதையும் கட்டி முடித்தான். கறவை மாட்டையும் விற்றுவிட்டான். பிள்ளையின் கொலுசை அவள் கையிலேயே கொடுக்க வேண்டுமாம். "வருசம் திரும்புற அன்னிக்கு மோட்டார் ரூமுக்குத் தனியா வரச் சொல்லுக்கா, நீ கூப்பிட்டா வருவா" என்கிறான். நல்லபடியாகப் பேசி அவளைச் சேர்த்து வைப்பது எப்படி? வர மறுத்தால் அவள்மீதும் அந்த ஆள்மீதும் கேஸ் கொடுக்க முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இந்தப் பக்கம் அச்சாகி உங்கள் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும் என்பதால், கடிதம் வந்த அன்று மாலையே அதன் அடியில் நீங்கள் எழுதியிருந்த எண்ணில் பேசிவிட்டேன். தம்பி மனைவியைக் கூப்பிடாதீர்கள் என்று நான் சொன்னதும், "அவன் அப்படிப்பட்டவன் இல்லைம்மா" என்று அழுதீர்கள். அன்று அவசரத்தில் சொல்லாமல் விட்டதை, ஊர்ப் பெயர்களை மாற்றி, உங்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். உங்களைப் போன்ற அக்காமார்களிடமிருந்து இதே கடிதம் எனக்குப் பல முறை வந்திருக்கிறது. காரியம் நடந்து முடிந்த பிறகு எழுதப்பட்ட கடிதங்களும் அவற்றில் உண்டு.

கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் பக்கத்தில், பிள்ளை தம்பியோடு தோட்டத்துக்குப் போயிருந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில், மோட்டார் ரூமுக்குத் தனியாக வரச் சொல்கிறான் என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரிகளையும் நீங்கள் சேர்த்துப் படிக்கவில்லை. கிணற்றுக்கும் மோட்டார் ரூமுக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் கேட்டேன். "நாலு எட்டுதான்" என்றீர்கள். அன்று மதியம் தம்பி எங்கே இருந்தான் என்று கேட்டேன். மோட்டாரைப் போட்டுவிட்டு, பிள்ளையை மோட்டார் ரூம் வாசலில் உட்கார வைத்துவிட்டு, மடை திருப்பக் கொடிக்காலுக்குள் போனான் என்று சொன்னீர்கள். அதைச் சொன்ன பிறகு உங்கள் குரல் சற்று நேரம் வரவில்லை. பதினோரு மாதத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளை அன்று தகப்பன் பொறுப்பில் இருந்தது. இதை நான் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகச் சொல்லவில்லை; மடை திருப்பப் போகிற நேரத்தில் எந்தச் சம்சாரிக்கும் நேரக்கூடியதுதான் அது. ஆனால் அந்த மதியத்தைப் பற்றி அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தாங்கமாட்டான் என்று நினைத்து, அவனைக் காப்பாற்றுவதற்காகவே உங்கள் தாயார் பழியைத் தூக்கி வேலைக்குப் போனவள் தலையில் வைத்தார். நீங்கள் எல்லோரும் பேசாமல் இருந்தீர்கள். அவனும் பேசாமல் இருந்தான். "உங்களோடுதானே விட்டுப் போனேன்" என்று திருப்பிக் கேட்க உரிமையுள்ள ஒரே ஆளான அந்தப் பெண், அதைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. பிள்ளையைப் புதைத்த கையோடு புருஷனுடைய குற்றத்தையும் சேர்த்துச் சுமந்தவள் அவள்.

உங்கள் தம்பிக்குள் நடப்பதாக நான் அஞ்சுவது இதுதான். பிள்ளை போன துக்கத்தோடு, தான்தான் காரணம் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டால், அந்தப் பாரத்தை மனிதன் அழுது இறக்க வேண்டும்; ஆண்பிள்ளை அழக் கூடாது என்று வளர்த்த வீட்டில் அதற்கு வழியில்லை. அழ முடியாதவன் அதை வேறொருவர்மேல் இறக்கி வைக்க இடம் தேடுகிறான். பிள்ளை செத்ததற்குக் கிணற்றைத் தண்டிக்க முடியாது, தன்னைத்தானே தண்டித்துக்கொள்ளவும் துணிவு வரவில்லை. அந்த நேரத்தில் மனைவியின் தவறு வெளியே வருகிறது. அதுவரை முகமில்லாமல் இருந்த குற்றத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. "இப்படிப்பட்டவள் என்பதால்தான் பிள்ளை போனது" என்று நினைத்துக்கொண்டால் அவனுக்கு மூச்சு விட முடிகிறது. அந்தப் பழக்கம் பிள்ளை போய் எட்டு மாதம் கழித்துத் தெரிய வந்தது என்ற கணக்கெல்லாம் அவனுக்கு உறைக்காது. அவளுடைய தவறு பெரிதாகப் பெரிதாகத் தன்னுடைய மதியம் சிறிதாகிறது என்பதுதான் அவனுடைய கணக்கு. அதனால்தான் அவன் கோவிலுக்கோ உங்கள் வீட்டுக்கோ அவளைக் கூப்பிடாமல், பிள்ளை கடைசியாக உட்கார்ந்திருந்த அதே வாசலுக்குக் கூப்பிடுகிறான். கொலுசு கொடுக்கவா அந்த இடம்? உங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து, பத்துப் பேர் பார்க்க அதைக் கொடுத்தால் வெள்ளி கறுத்துவிடுமா?

அவள் செய்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். தாலி கட்டிய உறவில் இன்னொருவரை நாடுவது தப்பு. துக்கத்தில் தனியாக விடப்பட்டவள் ஆறுதல் தேடி வழி தவறினாள் என்பது அதன் காரணம், அதற்கு மன்னிப்பு ஆகாது. அந்தத் தப்புக்கு நம் சமூகத்தில் விலகல் உண்டு, விவாகரத்து உண்டு, பெரியவர்கள் முன்னால் தலை குனிவதும் உண்டு. உயிரை எடுக்கும் உரிமை எவனுக்கும் இல்லை. கேஸ் போட முடியுமா என்று கேட்டீர்கள். கள்ள உறவைக் குற்றமாக வைத்திருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று செல்லாது என்று நீக்கிவிட்டது. அந்தப் பழைய பிரிவிலும்கூட மனைவிக்குத் தண்டனை கிடையாது. இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து கேட்க அது காரணம் ஆகும், அவ்வளவுதான்.

"அப்படியே ஏதாவது நடந்தாலும் ஆத்திரத்தில் நடந்ததாகத்தானே இருக்கும்" என்று போனில் சொன்னீர்களே, அந்தப் பேச்சு எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. ஆத்திரம் கண்ணை மறைத்தது என்பது கொலை நடந்த வீடுகளில் நான் எப்போதும் கேட்கிற சொல். 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் தொடர்பை அவள் வாயாலேயே கேட்ட பிறகு, அவளையும் பிள்ளைகளையும் சினிமா கொட்டகையில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லித் துப்பாக்கி வாங்கிக்கொண்டு, அந்த ஆளின் வீட்டுக்குப் போய்ச் சுட்டார். 1961-இல் உச்ச நீதிமன்றம் கடிகாரத்தைத்தான் பார்த்தது. பகல் 1.30-க்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர் 4.20-க்குச் சுட்டிருக்கிறார்; மனம் அடங்க அவ்வளவு நேரம் இருந்தது, திடீர்க் கோபம் என்ற சலுகை இதற்குப் பொருந்தாது என்று ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அங்கே மூன்று மணி நேரம். உங்கள் தம்பி ஒரு மாதமாகத் தேதி குறித்து வைத்துக் காத்திருக்கிறான்.

அமைதியாகிவிட்டான் என்று நீங்கள் கடவுளுக்கு நன்றி சொல்கிற அந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இங்கிலாந்தில் காவல் துறையில் இருந்து பின்னர் குற்றவியல் பேராசிரியரான ஜேன் மாங்க்டன் ஸ்மித், துணைவர் கையால் நடந்த 372 கொலைகளை ஆராய்ந்து, அவை எட்டுப் படிகளாக நகர்வதை 2019-இல் எழுதினார். பிரிவு வந்ததும் கெஞ்சல், குடி, ஓயாத போன், மிரட்டல் என்று கொதிநிலை ஏறுகிறது. அதற்கு அடுத்த படியில் மனம் ஒரு முடிவுக்கு வருகிறது. அதன் பிறகு ஏற்பாடுகள், அவளைத் தனியாக வரவைக்கும் முயற்சி உட்பட. முடிவெடுத்தவனுக்குப் பதற்றம் தேவைப்படுவதில்லை. பால் கறக்கிற மாட்டைக் காரணமில்லாமல் எந்தச் சம்சாரியும் விற்க மாட்டான். நாளைக் காலையில் தொழுவத்துக்குப் போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறவன் விற்பான். சீட்டுப் பாக்கியை அடைத்ததும் அந்த வகைதான். ஆகவே அவளுடைய உயிரோடு சேர்த்து உங்கள் தம்பியின் உயிரைப் பற்றியும் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படிப்பட்ட காரியங்களில் அவளை முடித்தவன் தன்னையும் முடித்துக்கொள்வது அபூர்வமில்லை. அவன் மனதில் வேறு ஏதாவது இருக்கலாம், நான் தவறாகவும் இருக்கலாம். தவறாக இருந்தால் நீங்கள் இழப்பது ஒரு சந்திப்பு மட்டும்தான்.

"ஒரு தடவை கழுத்தைப் பிடித்ததைத் தவிர" என்று எழுதும்போது உங்கள் கை நடுங்கவில்லையா? கன்னத்தில் அறைவதும் கழுத்தைப் பிடிப்பதும் ஒன்றாகாது. கணவனோ காதலனோ ஒரு முறை கழுத்தை நெரித்த பெண், பின்னால் அவன் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. உங்கள் தம்பி எப்படிப்பட்டவன் என்பதை அந்த ஒரு தடவை உங்களுக்குக் காட்டியிருக்கிறது. நீங்கள் பார்க்க மறுத்தீர்கள்.

இப்போது உங்களைப் பற்றிப் பேச வேண்டும். அவள் நம்புகிற ஒரே குரல் உங்களுடையது என்று தெரிந்துதான் அவன் உங்களைக் கேட்கிறான். "மதினி கூப்பிட்டாங்க" என்று அந்தப் பெண் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வாடிப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருவாள். தாய்க்கு அடுத்த இடம் அக்காவுக்கு என்று நம் பக்கம் சொல்வார்கள். அதை நான் முழுமையாக நம்புகிறவள். தம்பி கேட்டதையெல்லாம் செய்துகொடுப்பது அந்த இடத்தின் கடமை என்று நீங்கள் நினைத்துவிட்டீர்கள். அவன் கையைப் பிடித்து நிறுத்துவதும், அவன் வெறுத்தாலும் நிறுத்துவதும்தான் அந்தக் கடமை. பிள்ளையைப் பறிகொடுத்தவளும் உங்கள் வீட்டுப் பெண்தான். துக்க வீட்டில் உங்கள் தாயார் அந்தச் சொல்லைச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். அதற்கு நீங்கள் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடனை இன்றே கட்டுங்கள். அவளுக்கும் அவள் தாயாருக்கும் நீங்களே போன் செய்து, அவன் என்ன கேட்டான் என்பதை ஒரு சொல் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் கூப்பிட்டாலும் வரக் கூடாது என்று சொல்லுங்கள். கடையிலிருந்து வீடு வரை அவள் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்த ஆளையும் எச்சரிக்கச் சொல்லுங்கள். கழுத்தைப் பிடித்ததையும் இப்போது கூப்பிடுவதையும் சேர்த்து அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் அவள் எழுதிக் கொடுக்கட்டும்; 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசினால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை வாங்கவும் வழி சொல்வார்கள். ஆபத்து என்று தெரிந்த நொடியில் 112. தம்பியைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று தயங்காதீர்கள். இப்போது காட்டிக்கொடுத்தால் அவனை வீட்டில் பார்க்கலாம். தாமதித்தால் மத்தியச் சிறையில் மனுப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

கொலுசை இன்றைக்கே உங்கள் கையில் வாங்கிவிடுங்கள். ஒரு மணி உதிர்ந்த அந்தக் கொலுசை, பிள்ளையின் யூனிபார்ம் துணியில் சுற்றிப் பவுடர் டப்பாவுக்குள் வைத்து, இரவில் எடுத்து எடுத்துப் பார்க்கிறான் என்று போனில் சொன்னீர்கள். ஆண் துணையோடு நீங்களே வாடிப்பட்டிக்குப் போய் அதை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். வருசம் திரும்பும் நாளுக்கு முந்தைய வாரமே அவனைத் திருமங்கலத்துக்கு உங்கள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், தனியே படுக்க விடாதீர்கள். கொடிக்கால் அரிவாளும் பூச்சிமருந்தும் அவன் கைக்கு எட்டக் கூடாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நீங்களும் உள்ளே போய் உட்கார்ந்து, மாடு விற்றது முதல் மோட்டார் ரூம் வரை டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் அவன் சொல்ல மாட்டான். இரவில் பயமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

டாக்டர் பார்த்து, அவன் கொஞ்சம் தெளிந்த பிறகு, ஒருவராவது அவனிடம் அந்த மதியத்தைக் கேட்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். மோட்டார் போட்டது, வாசலில் உட்கார வைத்தது, மடை திருப்பப் போனது, திரும்பி வந்து பார்த்தது என்று அவனே முதலிலிருந்து சொல்லட்டும். சொல்லத் தொடங்கும்போது, "உன்மேல தப்பில்லைடா" என்று நடுவில் சொல்லி அவன் வாயை அடைத்துவிடாதீர்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.